கமராவில் பச்சை

கிருபைராசாவின் வீடு பூட்டிக் கிடக்கிறது.
திறப்பு என்னிடம்.
டென்மார்க்கில் இருந்துகொண்டு அவர்
முகப்புக் கமராவால் வளவைப் பார்ப்பார்.
“கெங்கையக்கா, வலப்பக்கம் காயுது.”
அங்கே விடியும்போது
இங்கே நான் மத்தியானச் சோறு தின்றிருப்பேன்.

போன வருசம் வரைக்கும் புல்.
லொறியில் சதுரம் சதுரமாய் வந்து இறங்கிய புல்.
அது குடித்த குடியில் கிணறு அடி கண்டது.
கோண்டாவிலில் ஒரு கிணறு அடி காண்பதென்றால்
அயலில் நாலு வீடு எட்டிப் பார்க்கும்.
என்னைத்தான் பார்த்தார்கள்.

ஐப்பசியில் ஒரு பொதி வந்தது.
வெள்ளைக் குளோவர்.
விதை கடுகிலும் சிறிசு, மஞ்சள்,
கையில் கொட்டினால் மூச்சுக்குப் பறக்கும்.
“வெட்டத் தேவையில்லை, உரம் தேவையில்லை,
காற்றில இருக்கிற உரத்தை வேரால பிடிக்கும்” என்றார்.
சித்திரை வெயிலைப் பற்றி
அந்தப் பொதியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
மாதம் பதினையாயிரம் தருகிறவர்.

மணலோடு கலந்து தூவினேன்.
ஐந்தாம் நாள் முளைத்தது,
மூன்று மூன்று இலையாய்.
ஒவ்வொரு இலையிலும் வெளிறிய ஒரு வளைவு,
நகத்தால் கீறினது மாதிரி.
மார்கழி முழுக்க நல்ல பிள்ளை.
மழை விட்ட காலைகளில்
அதன்மேல் செருப்போடு நடக்க மனம் வரவில்லை.

தையில் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தேன்.
பயற்றங்கொடியில் இருப்பதுபோல்
குட்டி முடிச்சுகள் இருக்கவேண்டும்.
ஒன்றும் இல்லை.
இந்தச் செம்மண்ணில்
அதற்கு அறிமுகமானவர் எவரும் இல்லை.

பங்குனி பாதியில்
தேயிலைத்தூள்.

நான் பொய் சொல்லவில்லை.
அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கிணற்றடியில், உடுப்புத் தோய்க்கிற கல்லின் ஓரம்
பொடுதலை கிடந்தது. யாரும் வைக்காதது.
சவர்க்காரத் தண்ணி குடித்து வளர்ந்தது.
கணுவுக்குக் கணு வேர் ஊன்றி
செத்த குளோவரின் மேலால் ஊர்ந்து
சித்திரை முடிவதற்குள் படலைக்கு வந்துவிட்டது.
மோட்டரை நான் கிழமைக்கு ஒரு நாள்தான் போட்டேன்.
மேலிருந்து பார்த்தால் பச்சை,
பச்சையில் வெள்ளைப் புள்ளி.
குந்தியிருந்து பார்த்தால்தான்
பூவின் நடுவில் ஊதா தெரியும்,
இலை விளிம்பில் பல்லுத் தெரியும்.
கமரா குந்தாது.

“பார்த்தீங்களே, பிடிச்சிட்டுது!”
முகநூலில் படம் போட்டார்.
நூற்றிப் பதினெட்டு விருப்பம்.
அதில் ஒன்று என்னுடையது.

பிறகு அவருடைய மகள் நிலானி பேசினாள்.
தமிழ் முட்டி முட்டி வந்தது.
“அன்ரி, நாலு இலை கண்டா லக்காம்.
பத்தாயிரத்தில ஒண்டுதானாம்.
தேடித் தருவீங்களா?”

அன்றிரவு மூன்று தரம் குரல் பதிந்து
மூன்று தரமும் அழித்தேன்.

காலையில் திருநெல்வேலிச் சந்தை.
வாழைப்பொத்திக்குப் பக்கத்தில்
ஈரச் சாக்கில் ஆரைக்கீரை.
ஐம்பது ரூபாய்க் கட்டு.
சைக்கிளை நிறுத்தி எண்ணினேன்.
நாலு. நாலு. நாலு.
கட்டு முழுக்க நாலு.
விற்கிறவ கேட்டா: “பூச்சி பார்க்கிறியளோ?”

படம் எடுத்து அனுப்பினேன். கீழே குரலில்:
“பிள்ளை, இது லக் இல்லை, கறி.
இஞ்ச எல்லாத்துக்கும் நாலு இலைதான்.
அப்பான்ர குளோவர் பங்குனியிலயே போயிட்டுது.
இப்ப நிக்கிறது தானாய் வந்தது.
பேர் பொடுதலை.”

இரண்டு நீலக் கோடு விழுந்தது.
பதில் இல்லை.
ஆரையைச் சுண்டி இரவு சாப்பிட்டேன்.
உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது.

மூன்றாம் நாள் பின்னேரம்
வெறுங்காலோடு பொடுதலைமேல் நின்றேன்.
முகப்பில் ‘கிர்’ என்று ஒரு சத்தம்.
எப்போதும் படலையையே பார்க்கிற கமரா
கழுத்தைத் திருப்பிற்று.
என்னைத் தாண்டிற்று.
குனிந்து
நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது, கனநேரம்.

அங்கே ஒரு தேனீ
பூவுக்குப் பூ காலை மாற்றி வைத்துக்கொண்டிருந்தது.
என் நிழல் அதன்மேல் கிடந்தது.

ஓர் அடி
விலகி நின்றேன்.