ஓதம் வற்றிய நிறம்

படகுப் பட்டறையில் சாயம் கலப்பது என் வேலை.
ஹார்லிங்கன் துறைமுகத்தில் எவர் வந்து
உரிந்த சில்லு ஒன்றை மேசையில் வைத்தாலும்
பத்து நிமிடத்தில் டப்பாவில் அதே நிறம்.
சாம்பலில் மட்டும் நாற்பத்தொரு வகை
எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

கோழிக்கு அப்படி இல்லை.
ஒன்பது வருடமாகிறது.

அணைக்கு அப்பால் ஓதம் வற்றி
சூரியன் இறங்கிய ஐந்தாம் நிமிடம்
சேற்றுவெளி மேல் கிடக்குமே, அது வேண்டும் எனக்கு.
ஊதா என்றால் ஊதா இல்லை,
பழுப்பு என்றால் சண்டைக்கு வருவேன்.
ஆறாம் நிமிடம் அது வெறும் சேறு.

பழுப்பு, மகளுக்குத் தகப்பன் வழியே மட்டும் இறங்கும்.
நீலம் யாரிடமிருந்தும் வரலாம்,
ஆனால் ஒரு பங்குதான் வர வேண்டும்.
இரு பங்கானால் வெளுத்துப்போய்
மை சிந்திய தாள் மாதிரி நிற்கும்.
இரண்டும் கூடி ஒரே பெட்டையில் அமைய
நான் எழுதிய கணக்கு ஏழு நோட்டுகள்.
கூரை ஏறிக் கோழி பிடித்துவிடலாம்,
நிறத்தைப் பிடிக்க எதன்மேல் ஏறுவது?

குளியலறையில் பொரிப்பான்.
நான் குளிப்பது பட்டறையில்.

சேவல்கள் விடியுமுன் நாலு மணிக்கே கூவும்.
வேண்டாத நிறங்கள் உறைபெட்டிக்குப் போகும்.
இறகு பறித்தபின் எல்லாம் ஒரே நிறம்
என்பதைச் சூப்பு குடிக்கும்போது
நினைக்காமல் இருக்கப் பழகிவிட்டேன்.

நான்காம் வருடம் ஒன்றைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன்.
நடுவர் தலைகீழாகப் பிடித்தார்,
சிறகைச் சீட்டுக்கட்டுபோல் விரித்தார்,
அட்டையில் எழுதினார்:
"உடல் நன்று. நிறம் இன்னும் முடிவுசெய்யவில்லை."
யார் முடிவுசெய்யவில்லை?
கோழியா, நானா, அவரா?
வீடு வரும்வரை கூண்டோடு பேசிக்கொண்டு வந்தேன்.

ரிக்ஸ்ட் என் பக்கத்துத் தோட்டக்காரி.
இரவெல்லாம் பால் லாரி ஓட்டுகிறாள், பகலில் தூக்கம்.
ஆறு வாரக் குஞ்சு ஒன்றைப்
பழ அட்டைப்பெட்டியில் வைத்து அவளுக்குச் சும்மா கொடுத்தேன்.
நோட்டில் இன்னும் இருக்கிறது என் கையெழுத்தில்:
எண் 212. அழுக்குக் கலப்பு. தள்ளு.

அக்டோபரில் என் ஏணியைத் திருப்பிக் கேட்கப் போனேன்.
பீட்ரூட் குவியலைக் கிளறிக்கொண்டு
ஐந்தாம் நிமிடம் நின்றுகொண்டிருந்தது.
கழுத்திலிருந்து வால்வரை, ஒரு இறகு பிசகாமல்.
காலில் என் வளையம். 212.

வந்த வேலை மறந்து முந்நூறு யூரோ என்றேன்.
"தூசித்துணியா? அது தினம் முட்டை போடுகிறது.
உன்னுடையவை என்ன போடுகின்றன?"
நோட்டு, என்று சொல்லவில்லை.

என் நல்ல சேவலை ஒரு மாதம் விடட்டுமா என்றேன்.
"கூவுமா?"
கூவும்.
"அப்படியானால் வேண்டாம்."
பகலில் தூங்குகிறவளிடம் மரபியல் பேச முடியாது.
வாரம் ஆறு முட்டை மட்டும் கொடுக்கிறாள்.
கரு இல்லாதவை.
ஒவ்வொன்றையும் விளக்கொளியில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான்
சட்டியில் உடைக்கிறேன், அது என் வியாதி.

இப்போது அது இறகு உதிர்க்கிறது.
வேலியில் சிக்கிய ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுபோய்
மேசையில் வைத்தேன். கலந்தேன்.
பதினொரு நிமிடம்.
டப்பாவுக்குப் பெயர் எழுதாமல் மூடிவைத்தேன்.

புது இறகு எந்த நிறத்தில் முளைக்கும் என்று
ஏழு நோட்டிலும் இல்லை.
கழுத்தில் குருத்துகள் மட்டும், உறை பிரியாமல்,
முள் முள்ளாக நிற்கின்றன.

ஏணி இன்னும் ரிக்ஸ்ட் வீட்டில்தான்.
தினமும் சூரியன் இறங்கும் நேரம்
அதைக் கேட்கப் போகிறேன்,
வாங்காமல் வருகிறேன்.