நன்றி என்ற சொல்

மே பிறந்ததும்
என் அணி நன்றி சொல்லத் தொடங்கிவிடும்.
ஒரு படம், முதுகு காட்டி நிற்கும் ஆள்,
கீழே தடித்த எழுத்தில் அந்த ஒரு சொல்.
முதலில் கோல்கீப்பருக்கு.
மறுநாள் இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரே படம்,
பட்ஜெட் போலிருக்கிறது.
எட்டு நாளில் பதினோரு நன்றி.
ஒரு முழு அணி
கத்திரி வெயிலில் எழுந்து போனது.

பெரியமேட்டில் ஷூ கடையில்
பில் போடுகிற வேலை எனக்கு.
மாடிப்படி ஏறினால்
ஸ்டேடியத்தின் விளக்குக் கம்பம் ஒன்று தெரியும்.
இப்போது அதன் தலையில் ஒரு பருந்து
குச்சி சேர்க்கிறது.
அதற்கு மட்டும் ஒப்பந்தம் முடியவில்லை.

டீக்கடை டிவியில் கிரிக்கெட்.
"உங்க பசங்க எப்போ ஆடுவாங்க?" என்கிறார் மாஸ்டர்,
உடம்பு சரியில்லாதவரை விசாரிக்கிற குரலில்.
"செப்டம்பர்ல."
போன வருஷமும் நான் அதையே சொன்னதாக
அவருக்கு ஞாபகம்.

எங்கள் டி ஸ்டாண்டுக்குச் செய்தி கொண்டுவருவது கண்ணாயிரம்.
அவன் மச்சான் ஏர்போர்ட்டில் டிராலி தள்ளுகிறான்.
"ஆறரை அடி, தாடி, ஸ்பானிஷ் பேசுறான்,
சென்டர் பேக்கேதான், சத்தியமா."
மூன்று நாள் அந்தத் தாடிக்குப் பெயர் வைத்தோம்,
ஜெர்சி எண் கொடுத்தோம்,
ஒரு கார்னரில் தலையால் முட்டி
கோலும் போட வைத்தோம்.
நான்காம் நாள் தெரிந்தது,
கிரீம்ஸ் ரோட்டில்
முட்டி மாற்றிக்கொள்ள வந்தவராம்.
நல்லபடியாக நடக்கட்டும் மனுஷன்.

டிரம் புளியந்தோப்பில்
ஜெசிந்தா வீட்டில் இருக்கிறது.
போன வாரம் பார்த்தால்
அதன்மேல் சின்ன வெங்காயம் பரப்பியிருந்தாள்.
"தோல் தளர்ந்துடுச்சு, வேற என்ன பண்ண?"
தட்டிப் பார்த்தேன். வெங்காயம் குதித்தது.
இரண்டு பேரும் சிரித்தோம்.
பக்கத்து வீட்டில் தூங்கிய குழந்தை அழுதது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
ரெம்ருவாத்தா கடைக்கு வந்தான்.
எங்கள் லெஃப்ட் பேக். மூன்றாம் எண். நாலு சீசன்.
பெங்களூர் ஆட்டத்தில் உடைந்த பல்லோடு
கடைசி இருபது நிமிடம் ஓடியவன்.
அவனுக்கான நன்றி
முந்தின இரவு ஒன்பதரைக்கு வந்திருந்தது.

சின்ன ஆள். ஸ்டாண்டிலிருந்து அப்படித் தெரியாது.
தம்பி கல்யாணத்துக்குக் கறுப்பு ஷூ கேட்டான்.
ஏழாம் நம்பர் கால்.
அந்த இடது காலை
என் எதிரில், ரப்பர் பாய்மேல்,
சாக்ஸோடு பார்த்தேன்.
சுண்டுவிரல் பக்கம் ஒரு ஓட்டை.
நாலு வருஷம் அவன் பேரைக் கத்திய தொண்டை
"டைட்டா இருக்கா?" என்று மட்டும் கேட்டது.
"கொஞ்சம்" என்றான், தமிழில்.

பில் மெஷினுக்கு ஒன்றும் தெரியாது.
எல்லோருக்கும் போடுவதையே
அடியில் போட்டது:
நன்றி.
மீண்டும் வருக.
மேல் வரியைக் கிழித்துக்கொண்டு
கீழ் வரியை மட்டும் கொடுக்க வழியில்லை.
நாலாக மடித்து டப்பாவுக்குள் வைத்தேன்.
முதலாளி பார்க்காதபோது
ஒரு பாலிஷ் டப்பாவும்.

படியிறங்கியவன்
ஸ்டேடியம் பக்கம் திரும்பவில்லை.
சென்ட்ரலுக்கு ஆட்டோ பேரம் பேசினான்.
நன்றாகவே பேசினான்,
நாலு வருஷம் வீண் போகவில்லை.

ஜூலையில் ஒருநாள்
மூன்றாவது கேட்டின் இடுக்கில் எட்டிப் பார்த்தேன்.
கோல் கம்பங்களைப் படுக்கப் போட்டிருந்தார்கள்,
வலை இல்லாமல்.
புல் கணுக்கால் உயரம்.
மூன்றாம் எண்ணுக்கு இன்னும் யாரும் வரவில்லை.
ரப்பர் குழாயோடு ஒருவர்
மூலைக் கொடி நடும் இடத்தில்
ரொம்ப நேரமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.
லாரித் தண்ணீர்.
எங்கள் தெருவுக்கு ஆறு நாளாக வரவில்லை.

விடட்டும்.