அரை ஸ்பூன்

ராமநாதபுரத்து டாக்டர்
பச்சைத் தாளில் எழுதித் தந்தார்:
உப்பு நாளைக்கு அரை ஸ்பூன்.
கருவாடு, ஊறுகாய், அப்பளம்
மூன்றின் மேலும் பெருக்கல் குறி.
என்ன தொழில் என்று அவரும் கேட்கவில்லை
நானும் சொல்லவில்லை.

தாளைத் தராசுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.
அதற்குக் கீழே நெத்திலி, சாளை, காரல்.
மூட்டைக்கு ஒன்றெடுத்து
வாயில் போட்டுப் பார்க்காமல்
எப்படி விலை சொல்வது?
பார்த்துத் துப்பிவிடுகிறேன்.
துப்பியதாகத்தான் நினைவு.

முதல் வாரம் கஞ்சி
சுண்ணாம்பு கரைத்த தண்ணீர்.
பழகிவிடும் என்றார்கள்.
கோபம்தான் பழகியது.
பக்கத்துத் தராசு சவேரியம்மா
"உப்பில்லாப் பண்டம்..." என்று இழுத்து
பாதியில் நிறுத்திச் சிரிப்பாள்.
மீதிப் பாதியை
தூக்குச்சட்டியை நாய்க்குக் கவிழ்க்கும்போது
நானே முடித்துக்கொள்வேன்.

ராத்திரி எட்டு மணிக்கு
கோயம்புத்தூரிலிருந்து ஜெனிஃபா வீடியோவில் வருவாள்.
"தட்டக் காட்டும்மா."
காட்டுவேன்:
வெள்ளரிக்காய், கேழ்வரகுக் களி, அவித்த முட்டை.
"சமத்து" என்பாள்,
நான் அவளுக்குச் சொன்ன அதே குரலில்.
போன் அணைந்ததும்
மடியிலிருந்து வெளிவரும்
சுட்ட வாளை, ஒரு துண்டு.

நேற்று அதையும் எடுக்கவில்லை.
நாளைக்கு பிரஷர் பார்க்கிறார்கள்.
வீட்டில் இருந்தால் கை சும்மா இராது என்று
தங்கச்சிமடம் கரைக்கு வந்து நின்றேன்.
கச்சான் காற்று
முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.
உதட்டை நக்கினேன்.

இது அரை ஸ்பூனில் சேருமா
தாளில் போடவில்லை.

இன்னொரு தரம் நக்கினேன்.