மூணு சுழி

செக்கானூரணி பஸ் ஸ்டாப்பைப் பார்த்த
பள்ளிச் சுவரில்
வெள்ளிதோறும் நான்கு தாள் ஒட்டுகிறேன்,
சிவப்பு மை படாத தாள்கள்.
தலைமையாசிரியருக்கு மனசில்லை.
"பிழையோட ஊருக்குக் காட்டணுமா டீச்சர்?"

மொக்கராசு எழுதியது இவ்வளவுதான்:
'எங்க கிணத்துல தன்னி இல்லை.
மோட்டர வித்தாச்சு.
உள்ள ஒரு தவளை மட்டும் இருக்கு.'
மூன்று வரிக்கு மேல் அவன் போனதில்லை.
இரண்டு வருடமாய் நான் வட்டம் போட்ட 'தன்னி'
அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை, தாளின் ஓரத்தில்,
பஸ் கிளம்பும் அவசரத்தில்
யாரோ கிறுக்கியிருந்தார்கள்:
'தம்பி, அந்தத் தவளை என்ன குடிக்குது?'
கையெழுத்து தெரிந்ததாய் இல்லை.
உசிலம்பட்டிக்குப் போகிற யாராவது இருக்கும்.

சத்துணவு மணி அடித்தும்
மொக்கராசு எழுந்திருக்கவில்லை.
ஒன்றரைப் பக்கம்.
இடையில் ஒரே ஒரு முறை
என் மேசைக்கு வந்தான்,
தாளை நெஞ்சோடு மறைத்துக்கொண்டு.
"டீச்சர், தண்ணிக்கு
ரெண்டு சுழியா மூணு சுழியா?
அவங்க படிப்பாங்கள்ல."

மூணு சுழி, என்றேன்.
தவளை என்ன குடிக்கிறதென்று கேட்கவில்லை.
வெள்ளிக்கிழமை
எல்லோரையும்போல
சுவரில் படித்துக்கொள்கிறேன்.