விலைக்கு வரும் தானம்

என் உவாஸ் எழுபத்தெட்டாம் வருடத்தது.
டோலோன் கணவாயில் மூன்றாம் வளைவு தாண்டினால்
அதற்கு மூச்சிரைக்கும்.
இறங்கி, பானட்டைத் திறந்து,
பெட்ரோல் பம்ப்பின்மேல் ஈரத்துணி போட்டுவிட்டு
ஒரு சிகரெட் நேரம் நிற்பேன்.
நான் சிகரெட் பிடிப்பதில்லை. சும்மா நிற்பேன்.
மேலே மேய்ச்சல் வெளியில்
கன்று குறுக்கே கிடக்க
ஒரு பசு முக்கிக்கொண்டிருக்கும்.
போன மே மாதம் நான் போய்ச் சேர்ந்தபோது
முக்கல் நின்றிருந்தது.

இதயத்தையே மாற்றிவிடலாம் என்றான் அக்மத்பெக்.
நான் கால்நடை மருத்துவர்,
என்னிடம் இதயம் என்று சொல்லாதே,
இன்ஜின் என்று சொல் என்றேன்.

யார் கொடுப்பார்கள்?
இடித்துக்கொண்டவர்கள், கடன்பட்டவர்கள்,
அடித்தகடு துருவில் உதிர்ந்துபோனவர்கள்.
தானம் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான்.
இது விலைக்கு வரும் தானம்.
டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பிஷ்கெக் சந்தையில்
பின்பக்கம் நசுங்கிய வெள்ளைக் கார்.
ஜப்பான்காரனின் ஆறு சிலிண்டர்.
சாவியைத் தொட்டதும் எழுந்தது,
மடியில் பூனை உறங்குகிற சத்தத்தோடு.
எனக்கு ஆசை வந்துவிட்டது, மறைப்பானேன்.
அக்மத்பெக் மல்லாந்து படுத்து
அடியில் குச்சியை நீட்டி அளந்தான்.
ஆயில் சம்ப் முன்னால் தொங்குகிறது,
உன் முன் அச்சும் அங்கேதான் இருக்கிறது,
ஒரு பள்ளத்தில் இறங்கினால்
இரண்டும் முட்டிக்கொள்ளும் என்றான்.
வெட்டி ஒட்டலாமே?
வெட்டலாம். பானட்டை உயர்த்தலாம்.
கியர்பெட்டிக்கு நடுவே தட்டு கடையலாம்.
அப்படியே வண்டியையும் மாற்றிவிடலாம்.
குச்சியை ஒடித்துப் போட்டான்.

அடுத்தது மினிபஸ் ஓட்டும் ஜூமாஷின் டீசல்.
ஐந்து சிலிண்டர், டர்போ.
உயரத்தில் காற்று மெலிந்தால்
தானே திணித்துக்கொள்ளும்.
ஜனவரியில் டீசல் உறையுமே என்றேன்.
நாரினில் என்னதான் உறையாது என்றான்.
விலை முடிந்தது, கை குலுக்கினோம்.
கடைசியாக ஒருமுறை முடுக்கிக் காட்டுகிறேன் என்று ஏறியவன்
பத்து நிமிடமாகியும் இறங்கவில்லை.
ஸ்டியரிங்கில் வைத்த கையை எடுக்காமலே சொன்னான்:
தப்பா நெனைக்காதீங்க டாக்டர்.
துருப்பிடிச்சது கூடுதானே.
நான் வேற கூடு தேடிக்கிறேன்.

அப்புறம் நான் எதையும் தேடவில்லை.
சோனுன்பூபுவின் பால் வேன் ஆற்றில் உருண்டது.
டிரைவருக்குக் கீறல்கூட இல்லை, பால்தான் போயிற்று.
வேன் இன்ஜின் என்னுடையதற்கு ஒன்றுவிட்ட தம்பி.
பெருமைப்பட ஏதுமில்லை.
உதிரி பாகம் கோச்கோரில் முட்டைக் கடையிலும் கிடைக்கும்.
பிளக்குகளைக் கழற்றி
குதிரைப் பல் பார்ப்பதுபோல் வரிசையாக வைத்துப் பார்த்தேன்.
மூன்று காப்பி நிறம். ஒன்று கரி.
அழுத்தமானி சொன்னது:
பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினொன்று, ஒன்பது.
அந்த ஒன்பதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
குறை தெரிந்த உருப்படியாகப் பார்த்து வாங்குங்கள்
என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்.
வால்வை அரைத்துக்கொள்ளலாம் என்றான் அக்மத்பெக்.
பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

இப்போது சூடேறினால்
வண்டிக்குள் புளித்த பால் வாடை.
மூன்றாம் வளைவில் மூன்றாம் கியர்.
ஈரத்துணி இருக்கைக்கு அடியில் காய்ந்துவிட்டது.
முதல்முறை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்,
ஓர் ஆட்டின் வயிற்று உப்புசத்துக்கு.
அந்தப் பசுவின் சொந்தக்காரர்
இன்னும் என் முகம் பார்ப்பதில்லை.

கழற்றிப் போட்டதை யார் கேட்கப்போகிறார்கள் என்றிருந்தேன்.
சோனுன்பூபுவின் தம்பி டிராக்டரோடு வந்தான்.
டார்ச் கொண்டுவரவில்லை. வயது கேட்கவில்லை.
கயிறு கட்டித் தூக்கிப் போனான்.
ஆற்றங்கரை உருளைக்கிழங்கு வயலைக் கடக்கும்போது
கண்ணாடியை இறக்குகிறேன்.
அதே இருமல்.
ஏற்றம் ஏற மாட்டாமல் நின்றது
அங்கே ஏற்றம் இறைத்துக்கொண்டிருக்கிறது.