செல்லாத ஒன்று

கோடையில் வருகிறவர்கள்
கரை விடுவதற்குள் கேட்டுவிடுவார்கள்:
உங்கள் நாட்டில் ராஜா ஆள்கிறாரா?
கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொல்வேன்:
கையெழுத்துப் போடுகிறார்.

அதற்குமேல் கேட்டால்
டென்மார்க் முழுவதையும் சொல்லி முடிக்க
இருபத்தைந்து நிமிடக் கடல் போதும்.
தீவுகள் நானூறு சொச்சம்.
எங்கிருந்து வண்டியெடுத்தாலும்
ஒரு மணி நேரத்தில் சக்கரம் நனையும்.
ஆக உயரமான மேட்டில்
பண்ணை மாடு ஏறி நிற்கிறது,
மூச்சுக்கூட வாங்காமல்.
சம்பளத்தில் ஏறக்குறையப் பாதியை எடுத்துக்கொண்டு
பல்லைத் தவிர மற்றதையெல்லாம்
அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்.
பிறந்தநாளென்றால் கொடி ஏற்றுவோம்,
பூனையின் பிறந்தநாளுக்கும்.
ஆட்களைவிடப் பன்றிகள் அதிகம்;
அவை வாக்குப் போடுவதில்லை,
ராஜாவும் போடுவதில்லை.
இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதற்கு
போதில் என்னை முறைத்தாள்.
பிடித்துப் போக யாரும் வரவில்லை.

கொற்றக்குடையா?
இங்கே எந்தக் குடையை விரித்தாலும்
மேல்காற்று பிடுங்கிக்கொண்டு
ஸ்வீடன் பக்கம் போய்விடும்.

அன்று நவம்பர். தேர்தல்.
மூன்று பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம்.
சுவரில் ராஜாவும் ராணியும்,
அவர்களுக்குக் கீழே
பசை காயாத காகித மீன்கள்.
தோர்வால்ட் தலைமை, போதில் பெயர்ப் பட்டியல்,
நான் பெட்டி.
நாற்பத்தோரு பேர் இருக்கும் தீவில்
படகு ஓட்டுகிறவனுக்கு
இன்னொரு வேலையும் வந்துவிடும்.
பென்சிலை நூலில் கட்டியிருந்தோம்.
வாக்குச்சீட்டு மேஜைவிரிப்பு நீளம்,
மடிக்கத் தெரியாமல் ஒவ்வொருவரும்
திரைக்குப் பின்னால் முனகினார்கள்.

எட்டு மணிக்குப் பெட்டியைக் கவிழ்த்தோம்.
பெருக்கல் குறி, பெருக்கல் குறி,
நடுங்கிய பெருக்கல் குறி.
முப்பத்தோராவதில் குறியே இல்லை.
எந்தக் கட்சிக்கும் சேராத ஓரத்தில்
ஒரு வரி:
செவ்வாய், வியாழன், சனி
படகு 7.30க்கு வேண்டும்.

ஏழின் இடுப்பில் குறுக்குக்கோடு.
நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம்.
கோட்டின் நுனி சுருண்டு
மேலே பார்ப்பது ஒருத்தி கையில் மட்டும்.
ரிக்மோர்.
எட்டேகால் படகில் போனால்
அக்கரையில் பேருந்தின் முதுகுதான் தெரியும்.
டயாலிசிஸ் இயந்திரம் அங்கே
அவள் பெயரைப் போட்டுக்கொண்டு காத்திருக்கும்.

இரண்டு வருடம்.
அதே ஜன்னலோரம்.
காலை வணக்கம் தவிர ஒரு சொல் இல்லை.
மூன்றடி தள்ளி நான் சுக்கான் பிடித்திருக்க
ராஜ்ஜியத்திடம் போய்க் கேட்டிருக்கிறாள்.

தோர்வால்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
யார் கை என்று தெரிகிறதா?
தெரியவில்லை என்றாள் போதில்.
ரிக்மோருக்கு ஒன்றுவிட்ட தங்கை அவள்.
தெரியவில்லை என்றேன்.
எனக்கும்தான் என்று
சீட்டை உறையிலிட்டு ஒட்டினார்.
பிறகு தொலைபேசியை எடுத்து
நகராட்சிக்குச் சொன்னார்:
செல்லாதது ஒன்று.

நேர அட்டவணை மாற
மனுப் போட வேண்டும்,
குழு கூட வேண்டும்,
கூடியது தெரிவிக்கப்பட வேண்டும்.
அதற்குள் பனி உருகிவிடும்.

செவ்வாய் இருட்டோடு போய்
இயந்திரத்தை உசுப்பினேன்.
பதிவேட்டில் எழுதினேன்: சோதனை ஓட்டம்.
படகின் விளக்குகள் அத்தனையும் போட்டேன்,
தேவைக்கு மேலேயே.
துறைமுகத்தைப் பார்த்த மஞ்சள் வீட்டில்
சமையலறை வெளிச்சம் அணைந்தது.
ஓடி வரவில்லை அவள்,
சருக்கலில் கால் பார்த்துப் பார்த்து
நடந்துதான் வந்தாள்.

மணி என்ன என்று கேட்டாள்.
சொன்னேன்.
உன் கடிகாரம் முந்துகிறது
என்று சொல்லிவிட்டு
ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.