செம்மஞ்சள்

மாதத்தின் இரண்டாவது வியாழன்.
முத்தையன்கட்டு இடதுகரையில்
பாலைமரத்தின் தாழ்ந்த கிளையில்
தராசைக் கொளுவினேன்.
சனசமூக நிலையத்துக்குக் கூரை உண்டு,
பாரம் தாங்கும் வளை இல்லை.

ஒவ்வொரு பிள்ளையாகத் துணிக்குள் கால் நுழைத்து
மாட்டி நிறுக்கிறேன்.
அழுகிற பிள்ளை ஆடும். ஆடினால் முள் நிற்காது.
அழாத பிள்ளைக்குத்தான் நான் பயப்படுவேன்.

மிதுஷிகா அழவில்லை.
இரண்டு வயதும் நாலு மாதமும்.
எட்டுக் கிலோ எழுநூறு.
போன மாதமும் அதுதான், அதற்கு முந்தினதும்.
அட்டையில் செம்மஞ்சள் பட்டைக்குள்
மூன்று புள்ளிகள்
காற்றில்லாத குளம்போல மட்டமாய்.

"மிஸ்ஸி, புள்ளியைக் கொஞ்சம் மேல வைக்கேலாதோ?"
சுகந்தமலர் பகிடிக்குக் கேட்கவில்லை.
சிவப்புக்குள் இறங்கினால் ஆஸ்பத்திரி,
ஆஸ்பத்திரி என்றால் இரண்டு பஸ்,
இரண்டு நாள் கூலி.

அவளுடைய காணியை நான் அறிவேன்.
முக்கால் ஏக்கர் கச்சான்.
கிணற்றடியில் கம்பனி தந்த பப்பாசி.
வாகனம் வரும் நாளில்
ஒவ்வொரு காயையும் பேப்பரில் சுற்றுவாள்,
குளிப்பாட்டின பிள்ளைக்குச் சட்டை போடுகிறமாதிரி.
மாடு இரண்டு. விடிய ஐந்தரைக்குப்
பால் சைக்கிளில் ஏறிவிடும்.
கோழி ஏழு. முட்டை
கடைக் கொப்பியில் பழைய கணக்கைக் கழிக்கப் போகும்.
கழித்த மிச்சத்துக்கு ஒரு பைக்கற் பிஸ்கற்.
பிளேன்ரீயில் தோய்த்து
அதைத்தான் தின்கிறது பிள்ளை.

எல்லாம் விளைகிறது அந்த வளவில்.
எல்லாவற்றுக்கும் சில்லு முளைத்துவிடுகிறது.

பயிற்சியில் படித்ததைச் சொன்னேன்:
புரதம், இரும்புச்சத்து, நாளுக்கொரு முட்டை.
கேட்டுக்கொண்டு நின்றாள்.
"செவ்வாய்க்கிழமை லோன்காரப் பெடியன் வருவான்.
அவனுக்கு இரும்புச்சத்தைக் குடுக்கட்டோ?"

என்னிடம் பதில் இல்லை.
திரிபோஷா எழுதிக் கொடுத்தேன்.
அந்த மாதம் அதுவும் வரவில்லை.

விவசாயப் போதனாசிரியர் குகநேசனுக்குப் போன் எடுத்தேன்.
ஏக்கருக்கு எத்தனை அந்தர் என்பதே
எப்போதும் அவருடைய பேச்சு.
"ஒரு பிள்ளைக்கு எத்தனை அந்தர்?" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்சநேரம்
மோட்டார் இறைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுகிழமை ஈரச்சாக்கில் சுற்றி
ஒரு கட்டுக் கொடி கொண்டுவந்தார்.
வற்றாளை. உள்ளே செம்மஞ்சள் நிறமாம்.
"தங்கச்சி, முதலே சொல்லிப்போடுறன்,
இதை இஞ்ச ஒருத்தரும் வாங்கமாட்டினம்.
சந்தைக்கு வெள்ளைக் கிழங்குதான் வேணும்."
குற்றம் செய்தவர்போலத் தலையைச் சொறிந்தார்.

எனக்கோ
அதைவிட நல்ல செய்தி அந்த வருடம் கிடைக்கவில்லை.

கிணற்றடிக் கழிவுநீர் ஓடும் இடத்தில்
மூன்று வரம்பு எழுப்பி நட்டாள்.
முதல் மாதம் தளிரை வறுத்தாள்,
அவளுடைய மனிசன் மாட்டுத்தீனி என்றான்.
இரண்டாம் மாதம் தேங்காய்ப்பூப் போட்டாள்,
பேசாமல் தின்றான்.
நாலாம் மாதம் ஓரிரவில் பன்றி புகுந்து
ஒரு வரம்பைக் கிண்டிப்போட்டது.
"அதுக்காவது விலை தெரிஞ்சுதே" என்றாள்.
மிச்சத்தை அவித்து மசித்துப்
பாலில் கொஞ்சம் விட்டுக் கரைத்தாள்.
பால்காரனிடம் ஒரு கோப்பை குறைத்ததற்கு
மாடு கன்றுக்கு விட்டது என்று பொய் சொன்னாளாம்.
அந்தப் பொய்யை நான் எந்தக் கொப்பியிலும் எழுதவில்லை.

கடன் தீரவில்லை. செவ்வாய்க்கிழமைகளும்.

இன்றைக்கும் வியாழன்.
சுகந்தமலர் அட்டையைப் பார்க்கவில்லை.
பப்பாசி சுற்றும் பேப்பரில்
கொடித்துண்டு சுற்றிச் சுற்றி
வரிசையில் நிற்கிற பெண்களுக்கு நீட்டுகிறாள்.
"கணுவை மண்ணுக்குள்ள வை,
தண்ணி தேங்க விடாத,
வித்துக் காசாக்கலாம் எண்டு நினைக்காத."

பென்சிலைக் காதில் செருகியபடி நிற்கிறேன்.
ஒன்பதரையோ, பத்தோ,
இன்னும் செம்மஞ்சளுக்குள்தான் இருக்கும்.
மிதுஷிகா காலை உதைத்து
பாலைக்கிளை குலுங்க
வீரிட்டு அழுகிறாள்.
முள் நிற்க மாட்டேன் என்கிறது.

நிற்கட்டும், ஆறுதலாய்.